முட்டிவரைத் தண்ணீர்

சிகாமட்
6 ஜூலை 2025

அன்புள்ள சாரு,

இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுவார்கள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போன மாதம் உன்னிடம் வாட்ஸ்அப்பில், “எங்கள் தாமானுக்கு வரைபடத்தில் என்ன நிறம் போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன் அல்லவா? அதை முதலில் கைதவறித் தாமான் குடியிருப்போர் குழுவில் போட்டுவிட்டேன். ஒரு நிமிடத்தில் அழித்தேன். அதற்குள் பதினோரு பேர் பார்த்துவிட்டார்கள். “லோஷினிக்கு உள்ள ஆள் இருக்கு” என்று இப்போது கோயில்வரை பேச்சு. அன்றிலிருந்து கைப்பேசியில் இதைப் பற்றி எழுதவே கை வரவில்லை.

நேற்று நகராட்சி மண்டபத்தில் உங்கள் வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பருவநிலை மாற்றத்துக்கு ஊரைத் தயார்செய்யும் திட்டம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பாப்பா லித்திஷா என் இடுப்பில் இருந்துகொண்டே வரைபடத்தைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பதினான்கு மாதம், கையில் எது கிடைத்தாலும் வாய்க்குள் போகும்.

ஆற்றோரம் இருக்கும் லோரோங் ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் சிவப்பு. அவர்களைப் படிப்படியாக வேறு இடத்துக்கு மாற்றுவீர்களாம். எங்கள் லோரோங் நாலு அடுத்த தெரு. இருபத்திரண்டு வீடுகள். நாங்கள் மஞ்சள், தற்காப்போடு தொடர்ந்து வசிக்கலாம். சிவப்பு வீட்டுக்காரர்கள் வெள்ளத்தில் வெளியேற ஒரு தடித்த அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். அது எங்கள் தெரு வழியாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது.

என் வீட்டுக்காரர் குணாளன் திங்கள் முதல் வெள்ளிவரை சிங்கப்பூரில் வேலை. மழை வந்தால் நானும் பாப்பாவும்தான். மஞ்சள் என்றால் எவ்வளவு மஞ்சள், சாரு? நான் தூங்கலாமா?

லோஷினி

•

தெப்ராவ்
15 ஜூலை 2025

லோஷி,

உறையைப் பார்த்ததும் உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. கல்லூரி முடித்து ஏழு வருடம் ஆகிறது, எப்படி மறக்கவில்லை என்று கேட்பாய். போன வருடம் வெள்ளக் கணக்கெடுப்புக்காக உங்கள் தெருவிலிருந்து வந்த இருபத்திரண்டு படிவமும் அந்த எழுத்தில்தானே இருந்தன. மொத்த சிகாமட்டிலும் அவ்வளவு சுத்தமான படிவம் வேறெங்கும் வரவில்லை. வீட்டு எண், 2023 மார்ச்சில் தண்ணீர் ஏறிய உயரம், எத்தனை மணி நேரம் நின்றது, எல்லாமே நிரப்பியிருந்தது. மற்ற தெருக்களில் பாதிப் பேர் “நிறைய” என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஒருவர் “கடவுளுக்குத்தான் தெரியும்” என்று எழுதியிருந்தார். அதைக் கணினியில் எப்படி ஏற்றுவது?

உன் கேள்விக்கு வருகிறேன். வெள்ளத்தைத் தடுத்துவிடுவோம் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. மழை பெய்யும் விதம் மாறிவிட்டது, தண்ணீர் வரத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டுதான் இந்தத் திட்டத்தையே ஆரம்பித்தோம். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். எந்தத் திடலைத் தண்ணீர் நிற்க விட்டுவைப்பது, எங்கே இனிமேல் வீடு கட்ட அனுமதி கொடுக்கக் கூடாது, மின்பெட்டிகளை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவது, யாரை முதலில் எழுப்புவது. மாநிலம் கொள்கையை எழுதும், நகராட்சி தெருத்தெருவாக இறக்கும். எங்கள் நிறுவனம் இரண்டுக்கும் நடுவில் வரைபடம் போடுகிற கூலி.

லோரோங் நாலில் சராசரி நாற்பது சென்டிமீட்டர். முட்டி அளவு. பெரியவர்கள் நடக்கலாம், குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம். அதனால்தான் கீழே இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை உங்கள் தெரு வழியாக அனுப்புகிறோம்.

தூங்கு.

சாரு

•

சிகாமட்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சாரு,

பதில் தாமதம். பாப்பாவுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன், இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன்.

நீ தூங்கச் சொன்னாய். எனக்கு அந்த அம்புக்குறிதான் கண்ணில் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி ஆன்ட்டியை உனக்குத் தெரியாது. அவர் கணவர் ஐயாசாமி அங்கிளுக்குப் பக்கவாதம், சக்கர நாற்காலிதான். 2023இல் எனக்குக் கல்யாணமாகி ஐந்தாவது மாதம். அன்றைக்கு அவரைப் பொம்பா தீயணைப்புக்காரர்கள் ஜன்னல் வழியாகத்தான் படகில் இறக்கினார்கள். கதவைத் திறக்கவே முடியவில்லை. அவர் எந்நேரமும் கிண்டல் பேசும் மனிதர். “மாப்பிள்ள ஊர்வலம்கூட எனக்கு இப்படி நடக்கல” என்றார். எல்லாரும் சிரித்தோம். படகு நகர்ந்ததும் அழுதோம். அவரை அந்தப் பாதையில் எப்படித் தள்ளிக்கொண்டு போவது?

இன்னொரு சந்தேகம். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். ஒரு தெருவின் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகும்? அது ஒன்றை வைத்தா எல்லாம் நிற்கிறது? மற்ற தெருக்களின் அளவும் இருக்கும்தானே?

நீ ஏதாவது நினைத்துக்கொள்ளாதே. குழந்தை பிறந்த பிறகு எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

லோஷினி

•

தெப்ராவ்
18 ஆகஸ்ட் 2025

லோஷினி,

முட்டி அளவுத் தண்ணீரில் ஜன்னல் வழியாகப் படகா?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு படிவங்களை எடுத்தேன். ஐயாசாமி அவர்களின் வீடு, 38 சென்டிமீட்டர். அடுத்த வீடு 42. அதற்கடுத்தது 35, 41, 39. ஒரே எண் இரண்டு முறை அடுத்தடுத்து வரவில்லை. இரண்டாம் ஆண்டில் நம் விரிவுரையாளர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் ஒரே பதில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள், உண்மையான அளவுகள் கொஞ்சம் ஆடும் என்று. நீ முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாய். நல்ல மாணவி.

யார் சொல்லி எழுதினாய் என்று கேட்கவில்லை. எத்தனை இருந்தது என்று மட்டும் சொல்.

அது ஒன்றை வைத்தா எல்லாம் நிற்கிறது என்று கேட்டாய். ஆமாம். பாதை அதை வைத்துத்தான் நிற்கிறது. அடுத்த வெள்ளத்தில் அபாயச் சங்கு ஊதியதும் கீழ்த் தெருக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெருவுக்குள் வருவார்கள். நாங்கள் வரச் சொன்னதால் வருவார்கள். நீயும் பாப்பாவோடு அதே கூட்டத்தில் நிற்பாய்.

ஆட்சேபம் தெரிவிக்க செப்டம்பர் 30 கடைசி நாள். குடியிருப்பவர்கள் தாங்களே எழுத்தில் திருத்தம் கொடுக்கலாம். அந்த நாள்வரை நான் வாய் திறக்க மாட்டேன். நான் போய்ச் சொன்னால், தாமான் முழுவதும் பொய் சொன்னதாக ஆகிவிடும். உண்மை எழுதிய தெருக்களின் படிவத்தையும் சேர்த்து ஒதுக்கி வைப்பார்கள். அக்டோபர் முதல் தேதி பேசிவிடுவேன்.

சாருமதி

•

சிகாமட்
7 செப்டம்பர் 2025

சாரு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாய். சரி. நானும் முழுதாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நெஞ்சுவரை. ஐயாசாமி அங்கிள் வீட்டிலும் அப்படித்தான்.

படிவம் வந்தபோது எங்கள் தெருவில் அதைப் படித்துப் புரிந்து எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று கனகராஜ் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அவர் குடியிருப்போர் சங்கத் தலைவர், ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு தட்டில் வடை. ஒவ்வொருவராக வந்து வீட்டு எண் சொன்னார்கள். முதல் ஆள் “இடுப்புக்கு மேல” என்றதும் அங்கிள் என் தோளுக்குப் பின்னாலிருந்து, “முட்டிக்கு மேல போடாதம்மா” என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எண்ணை மாற்றி மாற்றி எழுதும் யோசனையை எனக்கு யாரும் சொல்லவில்லை. அது என்னுடையதுதான்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. நீ தெப்ராவில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறாய். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வரிசை வீடுகளை அந்தக் காலத்திலேயே வெள்ள நிலம் என்று குறித்தார்கள். அதோடு சரி. விற்க முடியவில்லை, ஓர் அறை கூடுதலாகக் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. மாற்று வீடும் வரவில்லை. வருடாவருடம் நனைந்துகொண்டு அங்கேயே இருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சிவப்பு போட்டால் சிவப்பு மட்டும்தான் வரும் என்று கனகராஜ் அங்கிள் சொன்னார். நீ போட்டிருக்கும் திட்டத்தில் அதற்குப் பதில் எங்கே? நான் இரண்டு தடவை தேடினேன். “பொருத்தமான இடத்துக்கு மாற்றப்படுவர்” என்று ஒரே ஒரு வரி. எந்த இடம், எப்போது, எல்லாரையும் சேர்த்தா, ஆளுக்கொரு பக்கமா? பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்குமா? ஐயாசாமி அங்கிளுக்கு நாலாவது மாடியில் வீடு கொடுத்தால் அவர் இறங்குவது எப்படி?

உண்மை சொன்னால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. பொய் சொன்னால் மஞ்சள் கிடைத்தது.

நான் திருத்திக் கொடுக்கிறேன். அது உன் கடைசி நாளுக்குப் பயந்து இல்லை. அந்த அம்புக்குறியில் என் பிள்ளையும் நடக்க வேண்டும். ஆனால் இந்தத் தெரு முகத்தில் நான் இனி எப்படி முழிப்பேன் என்று மட்டும் சொல்.

லோஷினி

•

தெப்ராவ்
13 செப்டம்பர் 2025

லோஷி,

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஒரு வரியை எழுதியது நான்தான். எழுதும்போதே தெரியும், அதில் ஒன்றுமில்லை என்று. நிலம் மாநிலத்தின் கையில், வீடு இன்னொரு துறையின் கையில், நகராட்சிக்கு அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் மட்டும்தான் முடியும். மூன்று பேரும் ஒப்புக்கொள்ளும் வார்த்தையாகத் தேடினால் கடைசியில் “பொருத்தமான இடம்” தான் மிஞ்சும். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். தேநீர் குடிக்கப் போனோம்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டு இதை மறைக்க முடியாது. லோரோங் ஐந்தில் சராசரி நூற்று நாற்பது. ஒரு சாக்கடை தாண்டினால் உங்கள் தெரு. நிலமோ ஏறக்குறைய ஒரே மட்டம். கணினி அப்போதே உங்கள் தெருவைத் தனியாகக் காட்டி, நேரில் போய்ச் சரிபார் என்றது. நான் போகவில்லை. படிவத்தின் எழுத்தைப் பார்த்தேன். லோஷியின் தெரு, அவள் தப்பாக எழுதமாட்டாள் என்று எச்சரிக்கையை நீக்கிவிட்டேன். ஒரு நாள் வேலை அது. காரில் இரண்டரை மணி நேரம். வந்திருந்தால் உன் பாப்பாவையும் பார்த்திருப்பேன்.

என்னால் வீடு வாங்கித் தர முடியாது. அதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் ஆட்சேபம் என்பது நிறத்தைப் பற்றி மட்டும் இருக்க வேண்டியதில்லை. நிபந்தனையும் எழுதலாம். இடமும் ஆண்டும் குறிக்காமல் சிவப்பு போடக் கூடாது என்று எழுது. சேர்ந்தே மாற்ற வேண்டும் என்று எழுது. தரைத்தளம் வேண்டியவர்களின் பெயரை எழுது. வெளியேறும் பாதையை இந்த மழைக்கு முன்பே மாற்ற வேண்டும் என்பதைத் தனித் தாளில் எழுது. அதற்கு யாருடைய நிலமும் தேவையில்லை, உடனே செய்யலாம். எழுதியவர்களை விசாரணைக் குழு நேரில் அழைத்துக் கேட்டாக வேண்டும்.

எத்தனை வீடு கையெழுத்துப் போடும்?

தெருவில் எப்படி முழிப்பது என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை என் மேலாளரிடம் அந்த எச்சரிக்கையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். உங்கள் தெருவைப் பற்றி வாய் திறக்க மாட்டேன், நான் செய்ததை மட்டும். எனக்கும் அங்கே எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

சாரு

•

சிகாமட்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள சாரு,

இருபத்திரண்டில் ஒன்பது.

அதே மண்டபத்தில் கூப்பிட்டுச் சொன்னேன். பாப்பா தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். கனகராஜ் அங்கிள்தான் முதலில் பேசினார்.

“நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. மஞ்சள் போட்டாங்க, முடிஞ்சுபோச்சு லா. இப்ப எதுக்கும்மா கிளறுற?”

“மஞ்சள் போட்டா தண்ணி உங்க கேட்டுல நின்னு யோசிக்குமா?” என்றார் புஷ்பவள்ளி ஆன்ட்டி.

“நான் சொன்னது எல்லாருக்கும்தான்” என்றார் அங்கிள். “நான் என் மகள்கிட்டப் போய் இருக்கலாம்னு வீட்டை விக்கப் பாக்குறேன், அது உண்மைதான். ஆனா அன்னிக்கு நீங்களும்தான வடை தின்னுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?”

“தின்னேன். இப்பச் செரிக்கல.”

சிரித்தார்கள். அங்கிள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “பேனா புடிச்சது யாரு? நாங்களா?” என்றார்.

“நான்தான் அங்கிள். அதனால முதல்ல என் வீட்டத் திருத்துறேன்.”

பிறகு ஒரு வேடிக்கை. யாருக்கும் சரியான அளவு தெரியவில்லை. வெள்ளம் வடிந்த வருடமே தீபாவளிக்கு எல்லாரும் சுவருக்குச் சாயம் அடித்துவிட்டோம். சேற்றுக் கோடு இருந்தால் லட்சுமி எப்படி வருவாள்? லாரி ஓட்டும் மதிவாணன், “அலாமாக், எனக்கே மறந்துபோச்சு” என்று மனைவியைக் கூப்பிட்டார். “இங்கதான” என்று அவர் தன் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். நான் தையல் நாடாவை எடுத்து அவரைத் தரையிலிருந்து அளந்தேன். அப்படியே ஒன்பது வீட்டையும் ஆள்களின் உடம்பில் அளந்து எழுதினேன். என்னுடையது நூற்று இருபத்தொன்பது.

குணாளன் சனிக்கிழமை வந்தபோது படிவத்தை நீட்டினேன். “சிவப்பானா என்ன பண்ணுவோம்?” என்றார். “தெரியல” என்றேன். வீடு அவர் பெயரில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பாப்பாவோடு விளையாடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாளை நகராட்சியில் கொடுக்கிறேன். கனகராஜ் அங்கிள் இன்று காலை என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். பாப்பா அவருக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

லோஷினி

•

தெப்ராவ்
4 அக்டோபர் 2025

லோஷி,

ஒன்பதும் பதிவாகிவிட்டது. விசாரணை நவம்பர் 13. நான் அங்கே இருக்க மாட்டேன். சிகாமட் பகுதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மேலாளர் சத்தம் போடவில்லை. “நீங்களே சொன்னதால் பணிக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை” என்றார். இப்போது கூலாய் பக்கம் வடிகால் வரைபடம்.

அங்கே ஒரு கேள்வி நிச்சயம் வரும். முன்பு எழுதியது யார் என்று. தயாராகப் போ.

தீபாவளிக்கு வாழ்த்து. இந்த வருடம் சுவருக்கு என்ன நிறம்?

சாரு

•

சிகாமட்
23 நவம்பர் 2025

அன்புள்ள சாரு,

நீ சொன்ன கேள்வி வந்தது.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் பழைய படிவங்களையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே எழுத்தாக இருக்கிறதே, எழுதியது யார் என்று கேட்டார். பாப்பாவைப் புஷ்பவள்ளி ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். நான்தான் என்றேன். நகர்ப்புறத் திட்டமிடல் படித்தவள் என்பதையும் சொன்னேன். கேட்காமலே வாயில் வந்துவிட்டது.

“அப்போது பொய் எழுதினீர்கள் என்றால் இதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?” என்றார். குரலில் கோபமில்லை.

வீட்டில் நான் தயார்செய்து வைத்திருந்த பதில் எல்லாம் போய்விட்டது. “நம்ப வேண்டாம், வந்து அளந்து பாருங்கள்” என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அடுத்த வியாழக்கிழமை ஆள் வரும் என்றார்கள். நிபந்தனைகளை வாசித்தேன். இடம், ஆண்டு, சேர்ந்து மாற்றுவது, தரைத்தளம் வேண்டியவர்கள் நான்கு பேர். குறித்துக்கொண்டார்கள். குறித்துக்கொண்டது என்ன ஆகும் என்று உனக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை இரண்டு தொழில்நுட்பர்கள் வந்தார்கள். என் வீட்டுச் சுவரில் ஒன்றுமில்லை. இளம்பச்சை அடித்து ஒரு மாதம்தான் ஆகிறது. மதிவாணன் வீட்டிலும் அப்படியே. தையல் நாடாக் கதையைச் சொன்னேன். இளையவர் சிரித்தார், பெரியவர் சிரிக்கவில்லை. “ஆள் உயரத்தை அறிக்கையில் எப்படி எழுதுவது? ஒரு கோடாவது வேண்டும்” என்றார். ஒன்பது வீட்டிலும் பார்த்துவிட்டார்கள். வேனில் ஏறப் போனார்கள்.

கனகராஜ் அங்கிள் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடாதவர் என்பதால் அவர் வீட்டுக்கு அவர்கள் போகவில்லை. வேன் கதவு திறந்ததும், “மதி, இங்க வா. ஒரு கை புடி” என்று கூப்பிட்டார். அவர் கூடத்தில் பெரிய தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. வெள்ளம் வடிந்தபோதும் அதைத் தூக்க ஆள் கிடைக்கவில்லையாம், குழாய்த் தண்ணீரை அடித்துவிட்டதோடு சரி. தீபாவளிக்கும் அதைச் சுற்றித்தான் சாயம் அடிப்பார். மூன்று பேராக நகர்த்தினோம். பின்னால் பழைய மஞ்சள் சுவர். அதில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல.

பெரியவர் உலோக நாடாவை வைத்தார். நூற்று முப்பத்தாறு. படம் எடுத்தார். வீட்டு எண் கேட்டார், பெயர் கேட்டார். அங்கிள் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ரயில் நிலைய அறிவிப்புபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வெளியேறும் பாதையை இந்த மழைக்கு முன்பே ரயில் பாதையோரச் சாலைக்கு மாற்றச் சொல்லி எழுதுவதாகப் பெரியவர் சொன்னார். நேற்று தெருமுனையில் புதிய பலகை நட்டுவிட்டார்கள். அம்பு இப்போது எங்களை விட்டு வெளியே போகிறது. நேற்றே பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்து, ஆன்ட்டியோடும் ஐயாசாமி அங்கிளின் சக்கர நாற்காலியோடும் ஒரு தடவை நடந்து பார்த்தோம். இருபத்தாறு நிமிடம். ஒரு இடத்தில் சாக்கடை மூடி இல்லை, அதற்கு நாளை மனு.

எங்கள் தெரு சிவப்பாகும். கனகராஜ் அங்கிளின் வீட்டை வாங்க வந்த ஆள் திரும்பப் பேசவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அன்றைக்கு வேன் போன பிறகு, அலமாரியைத் திரும்பச் சுவரோரம் தள்ள உதவட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்மா” என்றார். “இன்னும் எத்தன பேர் வந்து பாக்கணும்னு சொல்வானுங்களோ.”

லோஷினி